காதடிச் சிக்கு

எங்கள் வீட்டுப் பூனைக்குப் பதினாறு வயது. எனக்கு அறுபத்தெட்டு. மயிர் வெட்டுவது என்றால் இரண்டு பேருக்கும் அலுப்பு. எனக்காவது கடைக்குப் போனால் யாராவது வெட்டிவிடுவார்கள். அவளுக்கு நான் மட்டும்தான் இருக்கிறேன், அதுவும் வேறு வழியில்லாமல்.

அவள் சாதாரணப் பூனை இல்லை. காத்தான்குடியில் என் மனைவி வழக்கமாகச் சீலை எடுக்கும் கடைக்காரர் வீட்டில் ஒரு பஞ்சுப் பூனை இருந்தது. அது போட்ட குட்டி இவள். சாம்பல் நிறம், வயிற்றில் வெள்ளை, கழுத்தைச் சுற்றிச் சால்வை போர்த்தியது போல மயிர். குளிர் தேசத்துக்கென்று படைத்த உடம்பு அது. ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக, வருசம் முழுக்க உப்புக்காற்றில் கசகசவென்று கிடக்கும் குருக்கள்மடத்தில் அதைக் கொண்டுவந்து வளர்த்தால் என்ன ஆகும்? ஒரு நாள் சீவாமல் விட்டால் கக்கத்தில் சிக்கு விழும். நாலு நாள் விட்டால் அது சடையாகிவிடும்.

மனைவி ஒரு நாளும் விட்டதில்லை. பின்னேரம் நாலு மணிக்குக் குசினிக்குப் பின்னால் கிடக்கும் நீட்டு மர வாங்கில் காலை நீட்டி உட்கார்ந்து "வா மனே" என்பாள். பூனை எங்கே கிடந்தாலும் எழும்பி வந்துவிடும். மடியில் பழைய துவாய். பக்கத்தில் இரும்புப் பல் சீப்பு, ஒரு பேன் சீப்பு, ஒரு சின்னத் தகரப் பேணியில் சோளன் மா. சிக்குக்குள் ஒரு கிள்ளு மாவைப் போட்டு விரலால் நெருடுவாள். மயிரின் பிசுக்கை மா இழுத்துக்கொள்ளும். பிறகு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு வேருக்கு வருவாள். கத்திரிக்கோலை எடுக்கவே மாட்டாள். "வெட்டுறது சோம்பேறிட வேலை" என்பாள். சொல்லும்போது முன்பக்கம் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும் என்னை எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பூனையைப் பிடிக்காது. மீனில் முள்ளெடுத்து அதற்கு வைத்த பிறகுதான் எனக்குச் சோறு வரும். கூட்டுறவுச் சங்கத்து நெல் களஞ்சியத்தில் முப்பது வருசம் எலியோடு மல்லுக்கட்டியவன் நான். எலி பிடிக்காத பூனையைத் தூக்கி மடியில் வைத்திருப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

"இது ஒரு எலியாவது பிடிச்சிருக்கா?" என்று கேட்பேன்.

"நீங்களும்தான் பென்சன் எடுத்த பிறகு எலி பிடிக்கல்ல. சோறு போடாமலா விட்டிருக்கன்?" என்பாள்.

நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். வீடும் அவளுடையதுதான். எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டும். நான் ஒரு தகரப் பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தேன். அடுத்த வளவு அவளுடைய தங்கைக்குச் சீதனம். இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி இருக்கிறது, பேருக்கு.

போன வருசம் மாரி தொடங்கச் சற்று முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. மனைவி வழக்கம்போலப் பூனையைச் சீவிக்கொண்டிருந்தாள். இடது காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு, அரை மணித்தியாலம் நெருடியும் அவிழவில்லை. நான் தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பி வைக்கப் போனபோது இன்னொரு கிள்ளு மா எடுத்து அதற்குள் வைத்து அழுத்திவிட்டு, "இது இண்டைக்கு ஊறட்டும். நாளைக்கு எடுப்பம்" என்றாள். என்னிடம் சொன்னாளா பூனையிடம் சொன்னாளா என்று தெரியாது. அடுத்த நாள் காலை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள் விளக்குமாறோடு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதலே முடிந்துவிட்டது. நெஞ்சு என்றார்கள்.

செத்த வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு என்கிற தீட்டு. அதுவரை வீட்டு ஆண்கள் சவரம் செய்யக்கூடாது, தலைமயிர் வெட்டக்கூடாது, கோயில் பக்கம் போகக்கூடாது. இதற்கெல்லாம் எதிராக வாழ்நாள் முழுக்க வாதாடியவன் நான். என் தகப்பனாரின் துடக்கிலேயே எட்டாம் நாள் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போய், சொந்தக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நாலு மணிக்குப் பூனை வந்து வாங்கடியில் நின்று கத்தியது. கனடாவிலிருந்து வந்திருந்த மகள் உள்ளே ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். கத்தலை நிறுத்துவதற்காக நான் போய் வாங்கில் உட்கார்ந்தேன். பூனை என் மடியை ஒரு தடவை மணந்து பார்த்துவிட்டு மனமில்லாமல் ஏறியது. காதுக்குப் பின்னால் அந்தச் சிக்கு என் விரலில் பட்டது. நெருடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை ஏது? மீசை வெட்டும் கத்திரிக்கோலை எடுத்து வந்தேன்.

வேலிப் பக்கம் நின்ற மனைவியின் தங்கை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அத்தான் செய்றீங்க? துடக்கு வீட்டுல மயிர்ல கத்திரிக்கோல் வைக்கிறதா?"

"இது பூனை புள்ள."

"பூனையெண்டா என்ன? அக்காட கையால திண்டு வளந்தது. உங்களுக்கும் எனக்கும் உள்ள துடக்கு அதுக்கும்தானே. முப்பத்தொண்டு முடியட்டும் அத்தான்."

அழுதுகொண்டே சொன்னாள். பூனைக்குத் துடக்கு என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை, அவளுக்கும் அது தெரியும். அக்காவைப் பறிகொடுத்தவள் வாயில் வந்ததைச் சொன்னாள். வேறு நாளென்றால் நான் ஒரு மணித்தியாலம் தர்க்கம் செய்திருப்பேன். அன்றைக்குச் "சரி" என்று சொல்லிக் கத்திரிக்கோலை மேசை லாச்சிக்குள் போட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. முப்பத்தொன்று வரைக்கும் அந்தப் பூனையை நான் தொடத் தேவையில்லை.

மகள் இரண்டு கிழமை நின்றுவிட்டுப் போனாள். போகும்போது என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள், பூனையைத் தூக்கி வைத்து அதைவிடக் கூட அழுதாள். "அம்மாட பூனையக் கவனமாப் பாருங்கப்பா. எனக்கு அதுதான் மிச்சம்" என்றாள். நானும் ஓம் ஓம் என்றேன். நான் மிச்சமில்லையா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தது. முடி வெட்டுகிறவர் வீட்டுக்கு வந்து ஒரு மாதத் தாடியை வழித்துவிட்டுப் போனார். மீசையை நானே கண்ணாடி பார்த்துத் திருத்தினேன். காலடியில் பூனை கிடந்தது. கையில் கத்திரிக்கோல். இனி ஒரு தடையும் இல்லை. நான் கத்திரிக்கோலைத் துடைத்துத் திரும்ப லாச்சிக்குள் வைத்தேன்.

ஏன் என்றால் களைப்பு. வேறு எதைச் சொன்னாலும் பொய். அந்த மாதங்களில் எனக்கு எதற்கும் ஏலவில்லை. சோறு வடிக்க ஏலவில்லை, வடித்த சோற்றைத் தின்ன ஏலவில்லை. வழியில் காண்கிறவர்கள் "எப்பிடி இருக்கிறீங்க?" என்று தலையைச் சரித்துக் கேட்டால் பதில் சொல்ல ஏலவில்லை. மனைவி செய்துவந்த வேலைகளில் பாதியை விட்டுவிட்டேன். குரோட்டன் செடிகள் காய்ந்தன. யன்னல் சீலைகள் கறுத்தன. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. அந்தக் கணக்கில்தான் பூனையையும் விட்டேன். அதற்கு உயிர் இருக்கிறது என்பது என் புத்தியில் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வீடியோ கோல் எடுப்பாள். எடுத்தவுடன் "பூனையக் காட்டுங்கப்பா" என்பாள். அவள் எடுப்பதற்குப் பத்து நிமிசம் முன்னால் நான் பூனையின் இடது கன்னத்தையும் இடது விலாவையும் தண்ணீர் தொட்டுச் சீவி வைப்பேன். வலது பக்கத்தை என் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சீவிய பக்கத்தை மட்டும் போனுக்குக் காட்டுவேன்.

"வடிவா இருக்கிறா. ஒவ்வொரு நாளும் சீவுறீங்களாப்பா?"

"பின்ன?"

அவள் சந்தோசப்படுவாள். நான் போனை வைத்துவிட்டுப் பூனையை இறக்கிவிடுவேன். பொய் சொல்வதற்காகக்கூட மற்றப் பக்கத்தைச் சீவுமளவு தெம்பு இருக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

மாரி பிடித்துக்கொண்டது. வாவி என்று எழுதுவோம், வாயால் சொல்வது ஆறு என்றுதான். அந்த ஆறு பெருகி வளவின் பின்வேலிக்கு வந்து நின்றது. வீட்டில் எல்லாம் ஈரம். பூனை அலுமாரி மேல் பாய்வதை நிறுத்தியது. பிறகு கதிரையில் ஏறுவதையும் நிறுத்தியது. முன்காலை அகட்டி அகட்டி நடந்தது. தன்னை நக்கித் துடைப்பதை விட்டுவிட்டது. வயது போய்விட்டது என்று நினைத்தேன். நானும் அப்படித்தானே நடக்கிறேன் என்று நினைத்தேன்.

ஒரு காலை அதைச் சுற்றி ஈ மொய்த்தது. அழுகல் மணம் வந்தது. தூக்கிப் பார்த்தேன். வலது கக்கத்திலிருந்து வயிறு வரைக்கும் மயிர் முழுவதும் ஒரே சடையாக இறுகி, காய்ந்த தோல் மாதிரித் தட்டையாகக் கிடந்தது. அது இழுத்துப் பிடித்திருந்ததால்தான் காலை நேராக வைக்க ஏலாமல் நடந்திருக்கிறது. சடையின் ஓரத்தை நீக்கினேன். கீழே புண். புண்ணுக்குள் புழு நெளிந்தது.

நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி பதினைந்து வருசம் ஒரு சிக்கு விடாமல் பார்த்த உடம்பை நாலு மாதத்தில் நான் புழுக்க வைத்துவிட்டேன்.

பூனையைப் பன்புல்லில் பின்னிய பையில் வைத்து ஓட்டோ பிடித்துப் புளியந்தீவுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பெண் மிருக வைத்தியர், என் மகளின் வயது இருக்கும். புண்ணைச் சுற்றி மயிரை வழித்து, மருந்து விட்டு, புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தார், இரத்தமும் எடுத்துச் சோதித்துப் பார்த்தார். பூனை ஒரு சத்தமும் போடவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எவ்வளவு காலமா ஐயா இப்பிடி?"

"துடக்கு" என்று தொடங்கினேன். மிச்சத்தை விழுங்கிவிட்டேன். அவர் கையுறையைக் கழற்றினார்.

"முழுக்க வழிக்கிறதெண்டா மயக்கணும். இந்த வயசுல, கிட்னியும் பழுதாயிருக்கக்குள்ள மயக்கினா எழும்புமெண்டு சொல்ல ஏலாது. விட்டாலும் மத்தச் சடைக்குக் கீழ இதே மாதிரிப் புண் வரும். நீங்கதான் வீட்டுல கொஞ்சம் கொஞ்சமா வெட்டி எடுக்கணும். ஒரு நாளைக்குப் பத்து நிமிசம். அதுக்கு மேல அதால தாங்க ஏலாது. ஆனா கெதியா முடிக்கப் பாருங்க."

மெல்லவும் செய்ய வேண்டும், கெதியாகவும் முடிக்க வேண்டும். தவறினால் பூனை போய்விடும். எப்படி வெட்டுவதென்று செய்து காட்டினார். சடையைப் பிடித்து இழுக்கக்கூடாது, தோலும் கூட வரும். தோலுக்கும் சடைக்கும் நடுவில் சீப்பைப் படுக்க வைத்து நுழைத்து, சீப்புக்கு மேலே கத்திரிக்கோலை ஓட்ட வேண்டும். கிழட்டுப் பூனையின் தோல் வெங்காயச் சருகு என்றார்.

அந்த ஞாயிறு மகளிடம் மறைக்க முடியவில்லை. பாதி வழித்த பூனையை எந்தப் பக்கம் திருப்பிக் காட்டுவது? அவள் அழத் தொடங்கியதும் எனக்குப் பயம் வந்தது. என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "நான் அப்பவே வெட்டப் போனன். உன்ட சின்னம்மாதான் துடக்கு, வெட்டப்படாதெண்டு கையப் பிடிச்சவ."

மகள் போனை வைத்துவிட்டாள். பிறகு வேலிக்கு அந்தப் பக்கத்தில் போன் அடிப்பது கேட்டது. மனைவியின் தங்கை "ஓம் மகள், ஓம் மகள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் அவித்து முள்ளெடுத்த மீன் ஒரு கோப்பையில் வந்தது. அடுத்த நாளும் வந்தது. பூனைக்கென்று கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் போய்விடுவாள்.

நான் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு வாங்கில் உட்கார்ந்தேன். மடியில் அதே துவாய், பக்கத்தில் அதே பேணியில் சோளன் மா. எனக்கு வேறு முறை தெரியாது, மனைவி செய்ததைத்தான் செய்தேன். முதலில் மாவைத் தூவி நெருடுவேன். அவிழ்ந்தால் அவிழும். அவிழாததை வெட்டுவேன். முதல் கிழமை முழுக்கக் கடிதான். பல் பாதி விழுந்த வாயால் அப்படிக் கடிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. "சனியன், உனக்காகத்தானே செய்யிறன்" என்று கத்துவேன். அதுவும் என்னைப் பார்த்துக் கத்தும். ஆளுக்கு ஆள் கத்திக் களைத்த பிறகு ஒரு சடை வரும். அதைக் காலடியில் வைத்திருந்த உரப்பைக்குள் போடுவேன். எரிக்கலாம் என்றால் மழை விடவில்லை.

பத்து நிமிசத்துக்குள் என் முதுகு விட்டுப்போகும். கண்ணாடியில் மயிர் ஒட்டும், மூக்குக்குள் மா போகும். வேலை முடிந்து எழும்ப இன்னும் பத்து நிமிசம் எடுக்கும். மூன்றாம் கிழமையில் கடி குறைந்தது. என்னைப் பிடித்துப்போய் அல்ல, அதற்கும் அலுத்துவிட்டது. புண் ஆறி மேலே தோல் மூடியிருந்தது. மயிர் போகப் போகப் பூனை சுருங்கிக்கொண்டே வந்தது. சால்வையும் காற்சட்டையும் கழன்ற பிறகு பார்த்தால் மடியில் ஒரு கைப்பிடி எலும்பு. இவ்வளவுதானா நீ என்று கேட்டேன். இதற்கா நான் இத்தனை வருசம் எரிச்சல்பட்டேன்?

காதுக்குப் பின்னால் இருந்த சிக்கை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன். அதனால் புண் வரும் ஆபத்து இல்லை. அது மனைவி மா வைத்த சிக்கு. கடைசியாக, ஆறுதலாக இருந்து, கத்திரிக்கோல் படாமல் அவளைப் போலவே விரலால் அவிழ்ப்பேன் என்று நினைத்திருந்தேன். வெயில் வந்த பிறகு. முதுகு நோகாத ஒரு நாள்.

அந்த நாள் வரவில்லை. இரவெல்லாம் நித்திரை இல்லாத ஒரு நாள் பின்னேரம், கழுத்தில் மிஞ்சியிருந்த சிறு சிக்குகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மா தூவுவது, நெருடுவது, சீப்பை நுழைப்பது, வெட்டுவது. கை தன் பாட்டில் வேலை செய்தது, நான் என்ன யோசித்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. பூனையை வாங்கில் இறக்கி, துவாயை உரப்பைக்குள் உதறிவிட்டு, இன்றைக்குப் போதும் என்று பூனையின் தலையைத் தடவினேன். காதுக்குப் பின்னால் வழுவழுவென்று இருந்தது.

திரும்பவும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

உரப்பையைத் தூக்கி நிலத்தில் பாயை விரித்துக் கொட்டினேன். மூன்று கிழமைச் சடையும் குவியலாகக் கிடந்தது. முட்டுக்கால் போட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மா இருக்கிற சிக்கு எதுவோ அதுதான் அவளுடையது. ஒன்றைப் பிரித்தேன், உள்ளே வெள்ளையாக மா. அடுத்ததைப் பிரித்தேன், அதிலும் மா. எல்லாவற்றுக்குள்ளும் மா இருந்தது. நான்தானே மூன்று கிழமையாக எல்லாவற்றிலும் போட்டேன்.

மீன் கோப்பையோடு வந்த மனைவியின் தங்கை நின்று பார்த்தாள்.

"என்ன தேடுறீங்க அத்தான்?"

"உன்ட அக்கா கடைசியா மா வச்ச சிக்கு. காதடியில இருந்தது. நாளைக்கு எடுப்பமெண்டவ. வெட்டிப்போட்டன்."

அவள் கோப்பையை வாங்கில் வைத்துவிட்டுப் பாயில் எனக்கு எதிரே உட்கார்ந்து தேடத் தொடங்கினாள்.

"இதா?"

"தெரியா."

"இது?"

"தெரியா புள்ள."

நெடுநேரம் இரண்டு பேரும் மயிரைக் கிளறிக்கொண்டிருந்தோம். பிறகு அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "நான் அண்டைக்கு உங்கட கையப் பிடிச்சிருக்கப்படாது. என்னாலதானே இந்தச் சீவனுக்கு இந்தப் பாடு."

நான் விட்டிருக்கலாம். மகளிடம் விட்டது போல அதையும் அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு திரியவும் எனக்கு ஏலவில்லை.

"உன்னால இல்ல. நீ முப்பத்தொண்டு வரைக்கும்தான் சொன்ன. அதுக்குப் பிறகு மூணு மாசம் நான்தான் விட்டன். சவரம் எடுத்தன், மீசை வெட்டினன், இதத் தொடல்ல. மகளிட்ட உன்ட தலையில போட்டுட்டன்."

"தெரியும் அத்தான்" என்றாள். "வேலியால பாத்துக்கொண்டுதானே இருந்தன்."

"மறுகா ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

"வந்து சீவியிருக்க எனக்கும் கை இருந்ததுதானே. அந்த வாங்கில வந்து இரிக்க எனக்கும் ஏலாமக் கிடந்தது."

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். அவளும் மெலிந்துதான் போயிருந்தாள். இத்தனை மாதமும் அவள் அக்கா செத்தது எனக்கு நினைவே வரவில்லை, என் மனைவி செத்தது மட்டும்தான் நினைவு.

"ஞாயிற்றுக்கிழமை மகளிட்டச் சொல்றன்" என்றேன். "உனக்கு முன்னால வச்சுச் சொல்றன்."

அவள் தலையாட்டினாள். வாங்கிலிருந்து மெல்ல இறங்கிய பூனை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால் வந்தது. மீனைப் பார்க்கவில்லை. வழித்த உடம்பு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குவியலில் முன்காலை வைத்து மிதித்து மிதித்துப் பார்த்தது. பிறகு தன் சொந்த மயிர் மேலேயே சுருண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மிச்சத்தைக் கிளறுவதென்றால் அதை எழுப்ப வேண்டும். நான் கையை எடுத்துவிட்டேன்.

"கிடக்கட்டும்" என்றேன். "நாளைக்கு எடுப்பம்."